கடைவாய்ப்பல் நகரம்

மெக்சிக்கோ நாட்டின் வரைபடத்தை விரித்து அதன் வடகோடியைத் தேடினால், விரல் சென்று நிற்கும் இடம் லாஸ் அல்கோதோனேஸ் என்னும் சிற்றூராகும். எல்லைக்கல் எண் 206 நாட்டப்பட்டுள்ள இவ்விடத்திற்கு வடக்கே கலிபோர்னியா மாநிலம். கிழக்கே கொலராடோ ஆறு. ஆற்றின் அக்கரையில் அரிசோனா மாநிலம். ஸ்பானிய மொழியில் 'அல்கோதோன்' என்றால் பருத்தி. ஆயினும் பருத்தி வாங்க எவரும் இவ்வூருக்கு வருவதில்லை. பல் கட்டிக்கொள்ள வருகின்றனர். சில ஆயிரம் மக்களே வாழும் இச்சிற்றூரில் பல நூறு பல் மருத்துவர்கள் தொழில் நடத்துகின்றனர். நான்கைந்து தெருக்களுக்குள் இத்தனை பல் மருத்துவர் நெருங்கியிருக்கும் ஊர் உலகில் வேறில்லை என்று உள்ளூரார் பெருமை பேசுகின்றனர். அமெரிக்கர் இதற்கு 'மோலார் சிட்டி', அதாவது கடைவாய்ப்பல் நகரம், என்று செல்லப்பெயர் சூட்டியுள்ளனர்.

அரிசோனாவின் தலைநகராகிய பீனிக்ஸில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்புக் கிடைத்தபோது இவ்வூரைக் காண நேர்ந்தது. மருமகனுக்குக் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை ஆழ இறங்கி வேரைத் தொட்டுவிட்டது. பீனிக்ஸில் அவரைப் பார்த்த மருத்துவர், ரூட் கெனால் என்னும் வேர்ச் சிகிச்சை செய்து அதன்மேல் கேப் போட வேண்டும் என்று கூறி, 2,800 டாலருக்கு ஒரு மதிப்பீட்டுத் தாளையும் அச்சிட்டுக் கொடுத்தார். "பல் காப்பீடு இருக்கிறதல்லவா?" என்று கேட்டேன். "இருக்கிறது மாமா, ஆண்டுக்கு 1,500 டாலர்தான் அதன் எல்லை. அதிலும் பெரும்பகுதி பிள்ளைக்குச் செலவாகிவிட்டது" என்றார். நல்ல வேலையில் இருப்பவர், பணமில்லாதவர் அல்லர். ஆயினும் ஒரு பல்லுக்கு இவ்வளவா என்ற திகைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அண்டை வீட்டுக்காரர்தாம் வழி சொன்னார்: "யூமாவுக்குப் போய், எல்லையைக் கடந்து நடங்கள்."

பீனிக்ஸிலிருந்து யூமா ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வழி முழுவதும் பாலை. ஆள் உயரத்திற்கு மூன்று நான்கு மடங்கு வளர்ந்து, கைகளை வானோக்கி உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகளைத் தவிர கண்ணுக்கு நிழலே இல்லை. யூமாவை நெருங்கும்போதோ காட்சி சட்டென்று மாறுகிறது. கொலராடோ ஆற்று நீர் பாய்ந்த இடமெல்லாம் பச்சைக் கம்பளம்! அத்தனையும் லெட்டூஸ் என்னும் இலைக்கோசு. அமெரிக்க மக்கள் குளிர்காலத்தில் உண்ணும் கீரைவகைகளில் மிகப் பெரும்பகுதி இப்பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. வரிசை வரிசையாகக் குனிந்து கோசை அறுப்போர் மெக்சிக்கோ மக்கள். அவர்களுள் பலர் விடியுமுன் எல்லையைக் கடந்து வடக்கே வேலைக்கு வருகின்றனர்; பொழுது ஏறியபின் அமெரிக்க முதியோர் அதே எல்லையைக் கடந்து தெற்கே பல் மருத்துவரிடம் செல்கின்றனர்.

யூமாவுக்கு எதிரே ஆற்றின் அக்கரைக் குன்றொன்றின் மேல் வெண்ணிறக் கோவில் ஒன்று உண்டு. புனித தோமாவின் பெயரால் வழங்கும் பழங்குடியினர் மறைத்தளம் அது. 1781ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சிஸ்கன் துறவி பிரான்சிஸ்கோ கார்சேஸ் இவ்விடத்தில் கொல்லப்பட்டார். அவர்மீது பகையில்லை, நிலத்தையும் விளைச்சலையும் பறித்துக்கொண்ட ஸ்பானியக் குடியேறிகள்மீது க்வெச்சான் பழங்குடியினருக்கு மூண்ட சினத்தில் துறவியும் மாண்டார் என்பர். இன்று அவருடைய சிலை அக்கோவில் முன் நிற்கிறது. க்வெச்சான் மக்களின் நிலமே சுற்றிலும் உள்ளது. பல் நகரத்திற்குச் செல்வோர் தம் வண்டிகளை நிறுத்தும் மாபெரும் திடலும் அப்பழங்குடியினருடையதே. சில டாலர் கட்டணம் பெற்றுக்கொண்டு சீட்டுக் கொடுக்கின்றனர். எவர் எவருக்கு வழிவிட வேண்டியிருந்தது, இன்று எவர் எவரிடம் காசு வாங்குகிறார் என்று நினைத்தபோது எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு நடந்தால் ஐந்து நிமிடத்தில் வேறு நாடு. அமெரிக்க விசா கையில் உள்ளவரிடம் மெக்சிக்கோ தனி விசா கேட்பதில்லை. சுழலும் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலடி வைத்ததும் ஆள் பிடிப்போர் சூழ்ந்துகொள்கின்றனர். 'ஹலதோர்' என்பது அவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர். இழுப்பவர் என்று பொருள். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் தங்கும் விடுதிக்கு ஆள் சேர்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சு மட்டும் வேறு. "பல் சுத்தம் செய்ய வேண்டுமா? பல்செட்? கண்ணாடி? மாத்திரை?" என்று ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே உடன் நடக்கின்றனர். இருபுறமும் சுவர் தெரியாதபடி பலகைகள்; ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு பற்களும் தெரியச் சிரிக்கும் ஒரு முகம். இடையிடையே மருந்துக் கடைகள், மூக்குக்கண்ணாடிக் கடைகள், வைக்கோல் தொப்பி விற்போர், சோளமாவை இலையில் பொதிந்து வேகவைக்கும் தமாலே என்னும் பண்டம் விற்கும் மூதாட்டிகள். நம் கொழுக்கட்டையை ஒத்த அதனை நான் இரண்டு வாங்கி உண்டேன். மருமகனால்தான் மெல்ல முடியவில்லை.

இத்தெருக்களுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பிலிருந்தது. அந்நாளில் எல்லையோர மெக்சிக்கோ ஊர்கள் அமெரிக்கருக்குச் சாராயக் கடைகளாயின. அதன்பின்னும் நெடுங்காலம் இங்கே குடியும் கூத்துமே வாணிபம். 1960களின் இறுதியில்தான் முதல் பல் மருத்துவர் கடை விரித்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர் வரவர, மதுக்கடை ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் கிளினிக் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டது. தன் நாட்டில் கிட்டாததை அண்டை நாட்டில் தேடிச் செல்வது அமெரிக்கருக்குப் புதிய வழக்கமன்று. அன்று கிட்டாதது மது, இன்று கட்டுப்படியாகும் பல் மருத்துவம்.

நாங்கள் சென்ற கிளினிக்கை இழுப்பவர் எவரும் காட்டவில்லை; அண்டை வீட்டுக்காரர் பத்தாண்டுகளாகச் செல்லும் இடம். மருத்துவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மெக்சிக்காலி நகரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தலையைச் சுற்றிச் சுழன்று படம் எடுக்கும் எக்ஸ்ரே கருவி, கொதிகல அறை, பையிலிருந்து எங்கள் கண்முன் பிரிக்கப்பட்ட ஊசிகள் யாவும் பீனிக்ஸில் கண்டவற்றுக்குக் குறைந்தனவாக எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் வேர்ச் சிகிச்சை முடிந்தது. அளவு எடுத்து அடுத்த தெருவிலுள்ள பட்டறைக்கு அனுப்பினர். இரவு யூமாவில் தங்கினோம். மறுநாள் பிற்பகல் சிர்க்கோனியா கேப் வந்து சேர்ந்து பல்லின்மேல் அமர்ந்தது. கட்டணம் 760 டாலர். பயணம், தங்கல், உணவு எல்லாம் சேர்த்தும் ஆயிரத்தை எட்டவில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? மலிவுக்குக் காரணம் சொல்வது எளிது. மெக்சிக்கோ மருத்துவர் அரசுப் பல்கலைக்கழகத்தில் குறைந்த செலவில் படித்து வருகிறார். அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்து வெளிவரும் இளைஞர் தலையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர் கல்விக்கடன் இருப்பது வழக்கம். இடத்தின் வாடகை, உதவியாளர் சம்பளம், வழக்குகளுக்கு அஞ்சிக் கட்டும் காப்பீட்டுத் தொகை அனைத்தும் எல்லைக்குத் தெற்கே குறைவு. ஆனால் இவை பாதிக் காரணமே. இதயத்தைத் திறந்து அறுக்கும் சிகிச்சைக்கும் அமெரிக்காவில் செலவு மிகுதிதான். அதற்காக முதியவர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை கடப்பதில்லையே! அதற்குக் காப்பீடு உண்டு. பல்லுக்குத்தான் இல்லை.

பல்லை உடலினின்று பிரித்து வைத்த கதை பழையது. 1840ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவத்தையும் ஒரு பாடமாகச் சேர்க்க வேண்டினர் என்றும், அது மறுக்கப்பட்டதாலேயே தனிக் கல்லூரி கண்டனர் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அது உண்மையோ கதையோ, மருத்துவம் ஒரு வீட்டிலும் பல் மருத்துவம் வேறொரு வீட்டிலும் வாழத் தொடங்கின. 1965 ஜூலை 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் மெடிக்கேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயது கடந்தோர்க்கெல்லாம் மருத்துவமனைச் செலவை ஏற்ற அப்பெரும் சட்டம், வழக்கமான பல் சிகிச்சையை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. பல்செட்டையும் ஏற்கவில்லை. பல் விழும் வயதில் கிடைக்கும் காப்பீடு பல்லை மட்டும் விட்டுவிட்ட விந்தையை என்னென்பது! 2021இல் இதனைத் திருத்த ஒரு முயற்சி நடந்தது. சட்டமன்றப் பேரத்தில் பல் மருத்துவம் மீண்டும் கைவிடப்பட்டது. தனியார் பல் காப்பீடுகளோ ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, மிஞ்சினால் இரண்டாயிரம் டாலர் என்று எல்லை கட்டி நிற்கின்றன. 1970களிலும் அந்த எல்லை ஆயிரமாகத்தான் இருந்தது. அந்நாளில் ஆயிரம் டாலருக்குப் பல பல்லைச் சீராக்கலாம். இன்று ஒரு கேப்புக்கே போதாது.

காத்திருப்பு அறையில் எங்களுக்கு எதிரே ஒரு முதிய தம்பதியர். வடக்கே பனி உறைந்து கிடக்கும் மின்னசோட்டா மாநிலத்தவர். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவரைப் போன்ற பல்லாயிரவர் குளிர்காலத்தில் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு யூமா வந்து சேர்கின்றனர். பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். இவருக்கு இரண்டு இம்பிளாண்ட். அதாவது, தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணியைப் பதித்து, எலும்பு அதனைப் பற்றிக்கொண்டபின் மேலே பல்லைப் பொருத்துவது. ஊரில் 9,000 டாலர் கேட்டனராம், இங்கே 3,400. "பணத்தைவிட எனக்கு முக்கியம் வேறு. அங்கே மதிப்பீட்டுத் தாளை அறைக்கு வெளியே ஒரு எழுத்தர் கொடுத்தார். இங்கே மருத்துவரே அமர்ந்து, 'இந்தப் பல்லுக்கு இம்பிளாண்ட் வேண்டாம், பிடுங்கிவிட்டால் போதும்' என்று கூறி ஒன்றைக் குறைத்தார்" என்றார் அம்மையார். எல்லாக் கிளினிக்கிலும் இப்படியா? அவர் சிரித்தார். முதல் ஆண்டு தெருவில் இழுத்தவரோடு சென்ற இடத்தில் ஒரே நாளில் ஆறு கேப் போடச் சொன்னார்களாம். நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாராம்.

இங்கேதான் வாசகர் கவனிக்க வேண்டும். மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பது அறிவுடைமையாகாது. இரண்டு நாளில் ஊர் திரும்ப வேண்டிய நோயாளி வரும்போது, நல்ல பல்லையும் அராவிக் கேப் போட்டுவிடும் ஆசை எந்நாட்டு மருத்துவருக்கும் எழக்கூடும். அராவிய பல் மீண்டும் வளராது. சிகிச்சை பிழைத்துவிட்டால், எழுதிக் கொடுத்த உத்தரவாதம் செல்லுபடியாவது அதே நாற்காலியில்தான். திரும்பிச் செல்லும் செலவு நம்முடையது. வேறு நாட்டு நீதிமன்றத்தில் முறையிடுவது எளிதன்று. உள்ளூர் மருத்துவர் சிலர் வெளியில் செய்த வேலையைத் தொடவே மறுக்கின்றனர். ஆயினும், அமெரிக்கப் பல் மருத்துவர் சிலர் பேசுவதுபோல் எல்லைக்குத் தெற்கே எல்லாம் அழுக்கும் ஆபத்தும் என்பதும் நேர்மையன்று. நோயாளியை எல்லை கடக்கச் செய்தது எது என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்வதில்லை.

மருத்துவர் மேசைக்குப் பின்னால் சிறு சுரூபம் ஒன்று இருந்தது: குறட்டில் ஒரு பல்லைப் பிடித்தபடி நிற்கும் பெண். கண்டதும் அறிந்துகொண்டேன், புனித அப்பொலோனியா. 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, கூட்டத்தினர் இம்முதிய கன்னிகையைப் பிடித்துப் பற்களை அடித்து நொறுக்கினர். விசுவாசத்தை மறுதலிக்க மறுத்த அவர் மூட்டியிருந்த தீயில் தாமே பாய்ந்தார். அந்நகர ஆயர் தியோனீசியு எழுதிய கடிதத்தின் வாயிலாக இச்செய்தி நமக்குக் கிடைத்துள்ளது. பல்வலியால் துன்புறுவோர்க்கு அவர் பாதுகாவலி. அவருடைய திருநாளாகிய பிப்ரவரி 9ஆம் நாளையே மெக்சிக்கோவில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகின்றனர். மயக்க ஊசி இல்லாத நூற்றாண்டுகளில் நம் முன்னோர் எத்தனை இரவுகள் அவரை அழைத்திருப்பர்!

நம் பங்குக் குடும்பங்களிலும் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்போர் பலர். விடுமுறையில் வரும் பிள்ளைகள் பெற்றோரைக் கண்ட கையோடு பல் மருத்துவரையும் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. தனியார் கல்லூரிகளும் பெருகியதால் சிறு நகரங்களிலும் தேர்ந்த பல் மருத்துவர் கிடைக்கின்றனர். வருவோர்க்கு ஒன்று சொல்லலாம். மூன்று வார விடுமுறையில் வேர்ச் சிகிச்சையும் கேப்பும் முடிப்பது கூடும். வந்த முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும். இம்பிளாண்ட் அப்படியன்று. எலும்பு திருகாணியைப் பற்ற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பெரும்பாலும் இரண்டு பயணம் தேவை. எக்ஸ்ரே படங்களையும், எந்த நிறுவனத்தின் திருகாணி, என்ன அளவு என்னும் சீட்டையும் வாங்கிப் பத்திரப்படுத்துதல் நலம். அது இல்லாவிடில் அயல்நாட்டு மருத்துவர் கழற்றவும் அறியார், மாற்றவும் அறியார். வெளிநாட்டுப் பிள்ளைக்கு மலிவாகத் தோன்றும் அதே கட்டணம் உள்ளூர்க் கூலித் தொழிலாளிக்கு மலையளவு என்பதையும் மறப்பதற்கில்லை. அவர் அரசு மருத்துவமனைக்குச் சென்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லும் அதனோடு போகிறது.

பிற்பகல் நான்கு மணிக்குத் திரும்பும் வரிசையில் நின்றோம். உள்ளே வர ஐந்து நிமிடம். வெளியேற இரண்டு மணி நேரம். குளிர்காலத்தில் இது குறைவுதானாம். 2009 ஜூன் முதல் தரைவழியாகத் திரும்பும் அமெரிக்கரும் கடவுச்சீட்டைப் போன்ற சான்று காட்ட வேண்டும் என்பது சட்டம். தாடையில் பஞ்சை வைத்து அழுத்தியபடி, கையில் மருந்துப் பையும் மடக்கு நாற்காலியுமாக முதியோர் நூற்றுக்கணக்கில் நின்றனர். மின்னசோட்டாத் தம்பதியர் எங்களுக்குச் சற்று முன்னே நின்றிருந்தனர்.

யூமாவில் முந்தின நாள் மாலைத் திருப்பலிக்குப் பின், அப்பங்கில் ஞானோபதேசம் கற்பிக்கும் பெண்மணி ஒருவர் கூறியது அவ்வரிசையில் நிற்கையில் நினைவுக்கு வந்தது. கோசு வயல்களில் வேலை செய்வோருள் எல்லாரும் அன்றாடம் எல்லை கடப்பவர் அல்லர். தகுந்த தாள்கள் இன்றிப் பல ஆண்டுகளாக அமெரிக்கப் பக்கத்திலேயே தங்கிவிட்டவரும் உளர். அவர்களுக்குப் பல்வலி வந்தால்? பத்து மைல் தொலைவில், தம் தாய்மொழி பேசும் மருத்துவர் பல நூறு பேர் இருக்கின்றனர். இரும்புக் கதவு உள்ளே செல்வோரைத் தடுப்பதில்லை. ஆனால் சென்றால் திரும்ப முடியாது. பிள்ளைகள் இப்பக்கம் இருக்கின்றனர். வருமானத்திற்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல நிலையங்கள் உண்டு. அங்கே நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அதுவரை கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையும். தாம் அறிந்த ஒரு தாய் எட்டு மாதமாக ஒரே பக்கத்தால் மென்று உண்பதாக அப்பெண்மணி கூறினார்.

பல்வலிதானே என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2007 பிப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பல் வேரில் கட்டிய சீழ் மூளைக்குப் பரவியிருந்தது. அப்பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டாலர் போதுமாயிருந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு அக்குடும்பத்திற்கு இடையில் அற்றுப்போயிருந்தது. அது இருந்த காலத்திலும் அத்தகைய பிள்ளைகளைப் பார்க்கும் பல் மருத்துவரைத் தேடிப் பிடிப்பதே அரிதாக இருந்தது. இறுதியில் இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகளுக்கும் மருத்துவமனைக்கும் ஆன செலவு இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல். முதல் பல் மருத்துவக் கல்லூரி தோன்றிய மாநிலமும் அதுவே. நாடே அதிர்ந்தது, அதன்பின் குழந்தைகளுக்கான பல் மருத்துவ உதவி விரிவாக்கப்பட்டது. வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு உதவுவது, உதவுவதா வேண்டாமா என்பதை மட்டும் அந்தந்த மாநிலத்தின் விருப்பத்திற்கே விட்டுள்ளனர்.

வரிசை நகர்ந்தது. அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி, "எதற்குச் சென்றீர்?" என்று கேட்டார். மருமகன் மரத்த உதட்டோடு வாயைத் திறந்து காட்டினார். அதிகாரி தலையசைத்து அனுப்பிவிட்டார். திடலில் மின்னசோட்டாக்காரர் தம் வண்டியின் கதவைத் திறந்து மனைவியை ஏற்றிக்கொண்டிருந்தார். திருகாணிகள் பதிந்தாயிற்று, பற்கள் அடுத்த குளிர்காலத்தில்தான். அதுவரை இரண்டு இடைவெளிகளோடு ஊரில் கஞ்சியும் கூழும் உண்ணப் போவதாகச் சொல்லிச் சிரித்தார். ஏப்ரலில் யூமாவில் வெயில் ஏறத் தொடங்கும். அதற்குள் வடக்கே கிளம்பிவிடுவார்களாம். சாலையின் அப்பால் கோசு வயலில் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தனர், இரவு அறுவடைக்காக.